முதலில் கிணறு, பிறகு காப்பற் வீதி

கேள்வி இதுதான்: போரால் சிதைந்த ஒரு நாட்டை மீளக் கட்டும்போது, பல தலைமுறைக்குத் தாங்கக்கூடிய உட்கட்டமைப்பை எப்படித் திட்டமிடுவது, எதிலிருந்து தொடங்குவது?

எல்லா நாட்டுக்கும் பொருந்தும் பொது விடை எழுதுவதில் எனக்கு விருப்பமில்லை. அப்படிப்பட்ட அறிக்கைகள் கொழும்பு அலுவலக அலுமாரிகளில் தேவைக்கு அதிகமாகவே கிடக்கின்றன. எனக்குத் தெரிந்த இடம் இலங்கையின் வடக்கு. அங்கே 2009க்குப் பிறகு நடந்ததை வைத்துச் சொல்கிறேன். என் கருத்து சுருக்கமானது. எந்த வேலைக்கு ஆகக் கூடுதல் காலம் பிடிக்குமோ, எதில் ஆகக் கூடுதல் பேரின் சம்மதம் வேண்டுமோ, அதை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும். வடக்கில் அது தண்ணீர். நாங்கள் அதைக் கடைசிக்குத் தள்ளினோம்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். அதே ஆண்டில் அரசு ‘வடக்கின் வசந்தம்’ என்ற பெயரில் 180 நாள் திட்டம் அறிவித்தது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியும் வேலைகள் வேகமாகவே நடந்தன. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி சீனக் கடனில் காப்பற் (வழவழப்பான தார்) போடப்பட்டது. பூநகரியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறந்தது. 1990 ஜூனில் நின்றுபோன ரயில், இந்தியக் கடனில், இர்கொன் நிறுவனம் பாதையை முழுதாகப் புதிதாக அமைத்துக் கொடுக்க, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 மார்ச்சில் பளைக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் தொட்டது.

இதையெல்லாம் ‘வெறும் வெளிப்பூச்சு’ என்று ஒதுக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இருபத்துநான்கு வருடம் ரயிலைக் காணாத ஊருக்கு ரயில் வருவது சின்ன விஷயமல்ல. கொழும்பில் கிளினிக்குக்குப் போகும் ஒரு வயோதிபரைக் கேட்டுப் பாருங்கள்.

இனித் தண்ணீரைப் பாருங்கள். யாழ்ப்பாணம் – கிளிநொச்சி குடிநீர்த் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடன் 2010 இறுதியில் சரிவந்தது. அந்தத் திட்டத்துக்காகத் தாளையடியில் கட்டிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது 2024 ஆகஸ்டில். பதினான்கு ஆண்டுகள். தண்டவாளம் போடுவதைவிடக் குழாய் போடுவது கடினமான பொறியியல் அல்லவே, பிறகேன் இவ்வளவு காலம்? அதற்குப் பதில் தெரிய, முதலில் குடாநாட்டின் நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறதென்று பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். மழை ஆண்டுக்குச் சராசரி 1,250 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல், எண்ணெய் மிதப்பது போல மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் இதை நேரிலேயே பார்க்கலாம். மேலே அள்ளினால் நன்னீர், ஆழம் போகப் போக உப்பு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நன்னீருக்கும் கடல்நீருக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மறுபக்கமாகச் சொன்னால், அதிகமாக இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு ஏறத்தாழ 40 அடி மேலே வர இடம் கொடுக்கிறோம். துலாவில் இறைத்த காலத்தில் மனிதனின் கை வலியே கிணற்றுக்குக் காவல். மோட்டர் வந்த பிறகு அந்தக் காவல் போய்விட்டது. மின்சாரம் திரும்பக் கிடைத்ததும், மீள்குடியேறிய சனம் மோட்டர் பூட்டியது இயற்கை. அதையும் ஒரு உட்கட்டமைப்பு முடிவாக எண்ணி முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்க வேண்டியவர்கள் திட்டமிட்டவர்கள்தான்.

உப்பு ஒரு பக்கம், நைத்திரேற்று மறுபக்கம். தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியும் ஒரே சுண்ணாம்புக் கல்லுக்குள்தான் இறங்குகின்றன. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி விட வேண்டும் என்பது நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்த விதி. மணல் நிலத்தில் அந்த இடைவெளிக்கு அர்த்தம் உண்டு, ஏனென்றால் மணல் வடிகட்டும். வெடிப்பு விட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் வடிபடாமல் நேரே ஓடிவிடும். அதிலும் நல்லூர், கொக்குவில் பக்கம் இரண்டு பரப்புக் காணியை நான்கு பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்த வளவுகளில் 50 அடிக்கு எங்கே போவது? பக்கத்து வளவின் மலக்குழி உங்கள் கிணற்றிலிருந்து 20 அடியில் மதிலுக்கு அப்பால் இருக்கும். மேலே குறிப்பிட்ட திட்டத்தின் பெயரிலேயே சுகாதாரமும் சேர்ந்திருந்தது. யாழ் நகருக்கான கழிவுநீர்ப் பகுதி இடைவழியில் கழன்று போனது. குடிநீர் இல்லையென்று ஊர்வலம் போவார்கள், கழிவுநீர்க் குழாய் வேண்டுமென்று யாரும் போவதில்லை. அதனால் எந்தத் திட்டத்திலும் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

சுன்னாகத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். போர்க் காலத்தில் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டு, எண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக 2014, 2015இல் பெரிய கொதிப்பு எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் அங்கிருந்த தனியார் மின் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டுமெனத் தீர்ப்பு வந்தது. அவசரத்துக்குப் போடும் மின்சாரம், அவசரம் முடிந்த பிறகும் அங்கேயே நின்றுவிடும். இது எந்தப் போர் நாட்டுக்கும் பொருந்தும். ‘தற்காலிகம்’ என்று சொல்லிப் போடுகிற ஒவ்வொன்றுக்கும், எப்போது கழற்றுவோம், கழிவு எங்கே போகும் என்ற இரண்டு வரி அன்றைக்கே எழுதப்பட வேண்டும்.

சரி, நிலத்தடி நீரை நம்ப முடியாதென்றால் வேறு எங்கே போவது? 2010ஆம் ஆண்டுத் திட்டம் கிளிநொச்சியின் இரணைமடுவைக் காட்டியது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய பெரிய குளம் அது, சுமார் 21,000 ஏக்கர் வயல் அதை நம்பியிருக்கிறது. அணைக்கட்டை உயர்த்திக் கூடுதலாகத் தேங்கும் நீரில் ஒரு பங்கை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோவது திட்டம். கடதாசியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். அவர்களை ‘யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் தர மனமில்லாதவர்கள்’ என்று பேசியவர்கள் உண்டு. அது அநியாயமான பேச்சு. மாரியில் விளையும் காலபோக நெல்லுக்கு மழை இருக்கிறது. கோடையில் விளையும் சிறுபோகத்தில்தான் குளம் பேசும். ஒவ்வொரு வருடமும் சிறுபோகத்துக்கு முன் மாவட்டச் செயலகத்தில் கூட்டம் வைத்து, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதென்று பார்த்து, இம்முறை எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பார்கள். தண்ணீர் குறைந்த வருடத்தில் ஒரு குடும்பத்துக்குச் சொந்த வயலில் ஒரு துண்டுதான் கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் குழாய்க்கும் ஒரு கதிரை போட வேண்டும், அதுவும் வயலுக்கு முந்தி, ஏனென்றால் குடிநீரை நிறுத்த முடியாது. ஏற்கெனவே போதாத பங்கில் இன்னொரு பங்காளி வருகிறாரென்றால் யார்தான் கேள்வி கேட்காமல் இருப்பார்கள்?

இதில் என்னை அதிகம் உறுத்துவது காலக்கணக்கு. கடன் உடன்படிக்கை உருவான 2010இல் அந்த விவசாயிகள் எங்கே இருந்தார்கள்? சிலர் இன்னும் முகாமில், பலர் தறப்பாள் கொட்டிலில். கமக்காரர் அமைப்புகள் சரியாக இயங்கத் தொடங்கவில்லை. மாகாண சபைத் தேர்தல் 2013 செப்டெம்பரில்தான் நடந்தது. யாரும் எதிர்க்கவில்லை என்று திட்டக்காரர்கள் நினைத்தார்கள். எதிர்க்க ஆளே இருக்கவில்லை என்பதுதான் நடந்தது. சனம் ஊருக்குத் திரும்பி, வயலைத் துப்புரவாக்கி, சங்கத்தைக் கூட்டிய பிறகு எதிர்ப்பு வந்தது. மாகாண சபையிலும் விவாதம் சூடாக நடந்தது. திட்டம் வருடக்கணக்கில் முடங்கி, கடைசியில் கடலை நோக்கித் திரும்பியது. போர் முடிந்த உடனே நிலவும் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போட்ட திட்டம் எதுவும், சனத்துக்கு வாய் திரும்பக் கிடைத்ததும் மறுபடி ஆரம்பத்துக்கே வரும். பதினான்கு ஆண்டுகள் எங்கே போயின என்பதற்கு என் விளக்கம் இதுதான்.

தாளையடி நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீர் தரும் கொள்ளளவு கொண்டது. சுமார் மூன்று இலட்சம் பேருக்கு என்று சொல்லப்பட்டது. நல்லதுதான். ஆனால் கடல்நீரைச் சவ்வில் அழுத்தி ஒரு கனமீற்றர் நன்னீர் எடுக்க மூன்று முதல் நான்கு யூனிற் மின்சாரம் வேண்டும். முழு அளவில் ஓடினால் நாளொன்றுக்கு 72,000 முதல் 96,000 யூனிற். சவ்வை மாற்ற வேண்டும், உதிரிப்பாகம் டொலரில் வர வேண்டும். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று கைவிரித்தபோது டொலர் இல்லாமல் பட்ட பாடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தண்ணீரை மின்சாரத்தோடும் டொலரோடும் சேர்த்துக் கட்டிவிட்டோம். இப்போது செய்யக்கூடியது, பளையிலும் மன்னாரிலும் ஏற்கெனவே சுழலும் காற்றாலைகளைப் போல ஒன்றைத் தாளையடியின் செலவுக் கணக்கோடு இணைப்பதுதான். மன்னாரில் காற்றாலைக்கு எதிராக எழுந்த போராட்டத்தைப் பார்த்தால், அதற்கும் ஊரைக் கேட்டுத்தான் போக வேண்டும்.

மலிவான வழி ஒன்று பழைய கோப்பில் இருந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’. மாரியில் கடலுக்குப் போகும் நீரை ஆனையிறவுக் கடனீரேரியில் மறித்து, முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்கு விட்டு, தொண்டைமானாற்றுத் தடுப்பணையால் உப்பை வெளியே நிறுத்துவது. அதில் சில துண்டுகள் கட்டப்பட்டு, வாய்க்கால் முடியாமல் நின்று, அப்புறம் போர் வந்தது. அது நேரடியாகக் குடிநீர் தராது. நிலத்தடி நன்னீரை அதிகரித்து உப்பைப் பின்தள்ளும், அதுவும் பல வருடங்கள் எடுத்து. மீனவர்களுக்கு அதில் இழப்பு உண்டு, அவர்களோடு பேசாமல் முடியாது. முழுத் தீர்வாக நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் 2009இல் தொடங்கியிருந்தால் இன்றைக்குப் பலன் தெரிந்திருக்கும். குடாநாட்டின் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளம், கேணிகளைத் தூர்வாருவதும் இதே கணக்குத்தான். புது வீதியை உயர்த்திப் போட்டு மதகை மறந்துவிட்டால், மழைத் தண்ணீர் குளத்துக்குப் போகாமல் வீட்டு முற்றத்தில் நிற்கும். வீதிப் பொறியியலாளரும் நீர்ப் பொறியியலாளரும் ஒரே வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

வீடுகள் விஷயத்தில் வடக்கு நல்ல பாடம் ஒன்றையும் கெட்ட பாடம் ஒன்றையும் தந்தது. இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடு. அதில் பெரும்பகுதி, பயனாளி தானே நின்று கட்டும் முறையில் நடந்தது. புது வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், திருத்த வேலைக்கு இரண்டரை இலட்சம். அத்திவாரம் முடிந்தால் அடுத்த பணம், கூரை மட்டம் வந்தால் அடுத்தது என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்கில் போடுவார்கள். மேசன் ஊரவர், கல் அரிவது ஊரில், கூலி ஊருக்குள்ளேயே சுற்றும். கணவனை இழந்த பெண்கள் பலர் மேசனோடு பேரம் பேசி, சீமெந்துப் பையை எண்ணி, தங்கள் வீட்டைத் தாங்களே முடித்தார்கள். குறையும் இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டியதால் மணலும் கூலியும் ஏறின. பணம் தட்டுப்பட்டவர்கள் நகையை அடைவு வைத்தார்கள், நுண்கடனில் விழுந்தார்கள்.

மணல் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். மணற்காடு, அம்பன், குடத்தனைப் பக்கத்து மணல் திட்டுகள்தான் வடமராட்சி கிழக்கின் நன்னீரைப் பிடித்து வைத்திருப்பவை. அங்கே மணல் அள்ள அள்ளத் தண்ணீரும் போகிறது. ஆயிரக்கணக்கில் வீடு கட்டப் போகிறோம் என்று தெரிந்தால், எத்தனை கியூப் மணல், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு ஆழம் வரை என்று வீட்டுத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

கெட்ட பாடம் 65,000 உருக்கு வீடு. 2015, 2016இல் ஒரு பன்னாட்டு உருக்கு நிறுவனத்தின் முன்தயாரித்த வீடுகளை ஒன்று சுமார் 21 இலட்சம் ரூபாய்க்குப் போட அரசு முன்வந்தது. அப்போது கல்வீட்டுக்கு அரசு கொடுத்த உதவித்தொகையே 8 இலட்சம்தான். வெயிலில் கொதிக்கும், காற்றோட்டம் போதாது, பிறகு ஓர் அறை சேர்த்துக் கட்ட முடியாது என்று பொறியியலாளர்களே எழுதினார்கள். நம்மூரில் வீடு ஒருபோதும் ஒரேயடியாய்க் கட்டி முடிவதில்லை. மகளுக்குக் கலியாணமானால் ஒரு அறை, வெளிநாட்டிலிருந்து காசு வந்தால் ஒரு விறாந்தை என்று வளரும். அந்த வளர்ச்சிக்கு இடம் கொடுக்காத வீடு எவ்வளவு விரைவாக எழும்பினாலும் பயனில்லை. முதலில் எண்ணிக்கை சுருங்கியது, பின்னர் திட்டமே நின்றது.

மிதிவெடியையும் காணியையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இரண்டும் தனித்தனியாக எழுத வேண்டியவை. முகமாலை போன்ற முன்னரங்குப் பகுதிகளில் இன்னும் மிதிவெடி அகற்றுகிறார்கள். இலங்கை 2017இல் சேர்ந்த ஒட்டாவா உடன்படிக்கைப்படி 2028 ஜூன் வரை கால எல்லை இருக்கிறது. வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறிய குடும்பங்களின் காணி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுபட்டது. எந்தக் காணி யாருடையது, எப்போது விடுபடும் என்று தெரியாமல் குழாயின் விட்டத்தைக்கூடத் தீர்மானிக்க முடியாது. அங்கே திரும்பி வரப்போவது நூறு குடும்பமா, ஆயிரமா?

பராமரிப்பை எல்லோரும் கடைசிப் பந்தியில் எழுதுவார்கள். நானும் அதைத்தான் செய்கிறேன் போலிருக்கிறது. கட்டுவதற்கு வெளிநாடு கடன் தரும். மதகில் அடைத்த குப்பையை எடுக்க, கிணற்று நீரைப் பரிசோதிக்க, வான் கதவுக்குக் கிறீஸ் பூச யாரும் கடன் தருவதில்லை. அது பிரதேச சபையின், திணைக்களத்தின் வேலை, அவற்றிடம் ஆளும் காசும் இல்லை. 2018 டிசம்பரில் ஒரே இரவில் பெய்த பெருமழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, இரணைமடுக் கதவுகளை எப்போது திறந்திருக்க வேண்டும் என்பதே பெரிய சர்ச்சையானது. அணைக்கட்டைத் திருத்தப் பணம் கிடைத்தது. கதவை இயக்கும் ஒழுங்குக்கு அதே கவனம் கிடைத்ததா என்பது நியாயமான கேள்வி. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தலே நடக்கவில்லை. திட்டத்துக்குப் பொறுப்புக் கூற வேண்டிய சபை இல்லாத மாகாணத்தில் இருபது வருடத் திட்டத்தை யார் கையில் ஒப்படைப்பது?

இன்று உக்ரைனுக்கும் காசாவுக்கும் இதே கேள்வி கேட்கப்படுகிறது. உலக வங்கியும் மற்றவர்களும் 2025 பெப்ரவரியில் போட்ட மதிப்பீட்டில் உக்ரைனை மீளக் கட்ட 52,400 கோடி டொலர், காசாவுக்கு 5,300 கோடி டொலர். காசாவின் கதை எங்களுடையதற்கு நெருக்கமானது. அதுவும் கடலோர நிலத்தடி நீரை நம்பிய இடம், போருக்கு முன்பே அதில் மிகப் பெரும்பகுதி உப்பாலும் கழிவாலும் குடிக்க உதவாமல் போயிருந்தது. அங்கே இடிபாட்டை அகற்றி அடுக்குமாடியை எழுப்பும் படங்கள் முதலில் வரும். கழிவுநீர் எங்கே போகிறது என்ற படம் வராது.

என்னிடம் முதல் வருடத்துப் பணத்தில் ஒரு சின்னப் பங்கைத் தந்தால் அதைக் கிணறுகளில்தான் செலவழிப்பேன். மீள்குடியேறும் ஒவ்வொரு வளவின் கிணற்றையும் இறைத்துத் துப்புரவாக்கி, அதற்கு ஓர் இலக்கம் கொடுத்து, நீர்மட்டம், உப்பு, நைத்திரேற்று, பக்கத்து மலக்குழியின் தூரம் நான்கையும் எழுத வேண்டும். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் அடியில் கிடக்கும்போது ஒரு தடவை, மார்கழி மழைக்குப் பிறகு ஒரு தடவை. ஊரில் ஏ-லெவல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பழக்கினால் போதும், அவர்களே செய்வார்கள். அந்தப் பட்டியலை அந்த ஊரிலேயே, கிராம அலுவலர் கந்தோர்ச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒரு மாரியும் ஒரு கோடையும் முடிவதற்குள் சனமும் திரும்பியிருக்கும், சங்கங்களும் கூடியிருக்கும். குளத்துத் தண்ணீரை யாருக்கு எவ்வளவு பகிர்வது என்ற பேச்சை அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்கலாம். அதுவரைக்கும் வீதியையும் ரயிலையும் போட்டுக்கொண்டே இருக்கட்டும், மதகை மட்டும் மறக்காமல்.